500 வருடத்துக்கு முந்தைய ஐரோப்பிய அச்சு நூலைக் கையில் எடுத்துப் பார்ப்பது எப்படி: முதல்முறை போகிறவர்களுக்கு

கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பழைய நூலை எட்டிப் பார்ப்பது வேறு. அதே காலத்து நூல் ஒன்றை மேசைமேல் வைத்து, நாமே தாள் தாளாகப் புரட்டுவது வேறு. இரண்டாவது பேராசிரியர்களுக்கு மட்டும் கிடைக்கிற வாய்ப்பு என்று பல வருடம் நினைத்திருந்தேன். என்னிடம் பல்கலைக்கழகப் பதவி எதுவும் கிடையாது. ஆனாலும் போன வருடம் ஒரு முழு நாள் அப்படி உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தேன். அதற்கு முந்தைய முயற்சியில் எட்டு மாதம் வீணாகிப் போனது. அந்த எட்டு மாதம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பாவில் அச்சு எழுத்துகளைக் கோத்து அச்சடிக்கத் தொடங்கிய 1450களிலிருந்து 1500 டிசம்பர் 31 வரை வந்த நூல்களை இன்குனாபுலா என்பார்கள். தொட்டில் பருவத்து நூல்கள் என்று பொருள். நூலகத்துக்கு எழுதும்போது ‘பழைய புத்தகம்’ என்று எழுதாமல் இந்தச் சொல்லைப் பயன்படுத்துங்கள். உங்கள் மின்னஞ்சல் நேராக உரிய பிரிவுக்குப் போய்ச் சேரும்.

1. எந்த நூல் என்பதற்கு முன், எந்தக் கேள்வி என்று முடிவு செய்யுங்கள்

என் முதல் மின்னஞ்சலில் இருந்தது ஒரே ஒரு வரி. ‘15ஆம் நூற்றாண்டு அச்சு நூல் ஒன்றைப் பார்க்க விரும்புகிறேன்.’ ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. எந்தப் பதிப்பு, எந்தப் படி (அதாவது எந்தப் பிரதி), இணையத்தில் படமாக இருக்கும்போது மூலத்தை ஏன் பார்க்க வேண்டும் என்று மூன்று கேள்விகள். என்னிடம் ஒன்றுக்கும் பதில் இல்லை. அந்த முயற்சி அங்கேயே படுத்துவிட்டது.

மூன்றாவது கேள்விதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. நூலகக்காரர்களுக்கு வரவேற்க மனமில்லை என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த நூலின் முதுகுத் தையல் கொஞ்சம் தேய்கிறது. திரையில் தெரியாத ஒன்றை நீங்கள் தேடுகிறீர்கள் என்றால் தருவார்கள். ‘பார்க்க ஆசை’ என்றால், பெரும்பாலும் இணைப்பு ஒன்றை அனுப்பி முடித்துவிடுவார்கள்.

கூட்டன்பர்க் பைபிளைப் புரட்டலாம் என்ற எண்ணத்தை மட்டும் இப்போதே விட்டுவிடுங்கள். முழுதாகவோ பெரும்பகுதியாகவோ மிஞ்சியிருப்பவை 49 படிகள்தான். காட்சியில் பார்ப்பதே போதும். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் காட்சிக்கூடத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை.

முதல்முறைக்கு நான் பரிந்துரைப்பது, நான் பார்த்த அதே நூலைத்தான்: ஹார்ட்மன் ஷேடல் எழுதி, நியூரம்பெர்க்கில் ஆன்டன் கோபெர்கர் 1493 ஜூலையில் அச்சிட்ட உலக வரலாறு. நியூரம்பெர்க் குரோனிக்கிள் என்று தேடினால் கிடைக்கும். லத்தீன் பதிப்பில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் மிஞ்சியிருக்கின்றன. அதனால் பெரிய தேசிய நூலகங்களின் வாசலில் காத்திருக்கத் தேவையில்லை. சிறிய ஊர் நூலகங்களிலும் இருக்கிறது. லத்தீன் தெரியாவிட்டாலும் கண்ணுக்கு வேலை உண்டு. 645 மரக்கட்டைகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி 1,809 படங்கள் அச்சிட்டிருக்கிறார்கள். ஒரே கட்டையில் அச்சான ஊர்ப் படத்தின் கீழே வெவ்வேறு ஊர்ப் பெயர்கள் இருக்கும்.

எல்லாவற்றையும்விட, இந்த நூலில் கேள்வி தயாராகவே இருக்கிறது. 258ஆம் தாளில் கதை நிகழ்காலத்துக்கு வந்து சேர்ந்ததும், இனி நடப்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லி 259, 260, 261ஆம் தாள்களை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். மேலே தலைப்பும் தாள் எண்ணும் மட்டும் இருக்கும், கீழே ஒன்றும் இருக்காது. 500 வருடத்தில் அந்த நூலை வைத்திருந்தவர்கள் அங்கே என்ன எழுதினார்கள்? இதற்கு ஒவ்வொரு படியும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது. அந்தப் படியைத் திறக்காமல் தெரியாது.

2. பதிப்பைக் கண்டுபிடியுங்கள், அப்புறம் படியைக் கண்டுபிடியுங்கள்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறுகிற இடம் இது. பதிப்பு என்பது ஒரே அச்சுக் கோப்பில் வந்த மொத்தப் பிரதிகள். படி என்பது அதில் ஒன்று: இன்ன நூலகத்தில், இன்ன அலமாரியில் இருப்பது. நீங்கள் கேட்க வேண்டியது படியை.

பதிப்பைத் தேட ஐஎஸ்டிசி என்ற இணையப் பட்டியல் இருக்கிறது. சுமார் 30,000 பதிப்புகள் அதில் உண்டு, கட்டணம் கிடையாது. ஒவ்வொரு பதிப்புக்கும் இரண்டு எழுத்தும் எட்டு இலக்கமும் கொண்ட எண் ஒன்று இருக்கும். ஷேடலின் லத்தீன் பதிப்புக்கு ஐ, எஸ் என்ற எழுத்துகளும் 00307000 என்ற இலக்கங்களும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இனி எந்த நூலகத்துக்கு எழுதினாலும் அதுதான் உங்கள் நூலின் ஆதார் எண் மாதிரி. பெர்லின் அரசு நூலகம் நடத்தும் ஜிடபிள்யூ என்ற ஜெர்மன் பட்டியலின் எண்ணையும் சேர்த்துக் குறித்தால், ஜெர்மன் நூலகங்களில் வேலை சுலபம்.

ஐஎஸ்டிசியில் எந்த நூலகத்தில் படி இருக்கிறது என்பது தெரியும். அந்தப் படி எந்த அலமாரியில் இருக்கிறது என்று காட்டும் அழைப்பு எண் தெரியாது. அதற்கு அந்தந்த நூலகத்தின் சொந்தப் பட்டியலுக்குப் போக வேண்டும். மியூனிக்கில் உள்ள பவேரிய அரசு நூலகத்தில் 20,000 இன்குனாபுலா படிகள் இருக்கின்றன. உலகிலேயே பெரிய சேகரிப்புகளில் ஒன்று. அவர்களுடைய தனிப் பட்டியலில் ஒவ்வொரு படியின் அழைப்பு எண்ணும், முன்பு யாரிடம் இருந்தது என்பதும் பதிவாகியிருக்கும். ஷேடல் தனக்கென்று வைத்திருந்த, வண்ணம் தீட்டிய படிகூட அங்கேதான் இருக்கிறது. அதை இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். முதல்முறை போகிறவர் அதைக் கேட்பது வீண்.

பட்டியலில் தேடும்போது இந்த நான்கில் சிக்காதீர்கள்:

ஊர்ப் பெயர். பழைய நூல்களில் ஊர்கள் லத்தீன் பெயரில் இருக்கும். அர்ஜென்டினா என்று இருந்தால் தென் அமெரிக்கா அல்ல, ஸ்ட்ராஸ்பர்க். லுக்டூனும் என்றால் லியோன். மொகுன்சியா என்றால் மைன்ஸ்.

தேதி. வெனிஸில் மார்ச் 1, ஃபிளாரன்ஸில் மார்ச் 25 என்று புது வருடம் தொடங்கியது. வெனிஸ் நூலின் கடைசியில் ‘1480 பிப்ரவரி’ என்றிருந்தால் நம் கணக்கில் அது 1481 ஆக இருக்கக்கூடும். பட்டியலில் சரிசெய்திருப்பார்கள். நூலில் இருப்பதும் பட்டியலில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை என்று பதற வேண்டாம்.

மொழி. ஷேடல் நூலுக்கு அதே 1493 டிசம்பரில் ஜெர்மன் பதிப்பும் வந்தது. அதன் தாள் எண்களும் லத்தீன் பதிப்பின் தாள் எண்களும் ஒத்துப்போகாது.

தாள், பக்கம். அந்தக் காலத்து நூல்களில் எண் போடுவது பக்கத்துக்கு அல்ல, தாளுக்கு. ஒரு தாளுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு. நிறைய நூல்களில் அந்த எண்ணும்கூட இருக்காது. நான் இணையப் படத்தில் 259ஆம் படத்தைத் திறந்துவிட்டு, வெற்றுத் தாள் இல்லையே என்று இரண்டு நாள் குழம்பினேன். தாளின் மேல் மூலையில் அச்சாகியிருக்கும் ரோமன் எண்ணைப் பார்த்துத்தான் தேட வேண்டும்.

3. திரையில் முழுசாகப் பார்த்து முடியுங்கள்

ஐஎஸ்டிசி பதிவிலேயே இணையப் படங்களுக்கு இணைப்பு இருக்கும். நீங்கள் கேட்கப்போகும் படியே படமாக வந்திருந்தால், கடைசித் தாள் வரை பாருங்கள். இந்த வேலைக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

தலைப்புப் பக்கத்தைத் தேடி ஏமாற வேண்டாம். பல நூல்களில் அது கிடையாது. யார், எங்கே, எப்போது அச்சிட்டது என்பது இருந்தால், நூலின் முடிவில் சில வரிகளாக இருக்கும். பத்தி தொடங்கும் இடத்தில் சதுரமாக வெற்றிடம் விட்டு, நடுவில் பொடியாக ஒரு எழுத்து அச்சாகியிருப்பதைப் பார்ப்பீர்கள். பிழை அல்ல. பெரிய எழுத்தைக் கையால் வரையப் போகிறவருக்கு எந்த எழுத்து என்று சொல்லும் குறிப்பு. சில படிகளில் சிவப்பும் நீலமுமாக வரைந்திருப்பார்கள். சிலவற்றில் யாரும் வரையாமலே 500 வருடம் காத்திருக்கிறது.

நான் தேர்ந்தெடுத்த படியின் 260ஆம் தாளில், படத்தில், உள்ளங்கை அளவுக்கு மங்கலான கறை ஒன்று தெரிந்தது. நீர் பட்டது போலவும் இருந்தது, எதையோ சுரண்டி எடுத்தது போலவும் இருந்தது. எவ்வளவு பெரிதாக்கினாலும் புரியவில்லை. அந்தக் கறைதான் எனக்குக் கதவைத் திறந்தது.

4. மின்னஞ்சல்

‘அரிய நூல்கள் பிரிவு’ என்று தனி முகவரி இருக்கும். அதற்கு எழுதுங்கள், பொது விசாரணை முகவரிக்கு வேண்டாம். ஆங்கிலம் போதும். பத்து வரிக்கு மேல் போகக் கூடாது. அதில் இருக்க வேண்டியவை: பட்டியல் எண், அழைப்பு எண், எந்தத் தாள்கள், திரையில் பார்த்தது என்ன, மூலத்தில் பார்க்க வேண்டியது என்ன, எந்தத் தேதிகள், நீங்கள் யார். கடைசியில், தேவையான ஆவணங்கள் என்ன என்று ஒரு கேள்வி.

‘மூலப் படி’ என்பதை அழுத்தமாகக் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால், அங்கே போய் உட்கார்ந்த பிறகு நுண்படச் சுருளையோ நகல் பதிப்பையோ கொண்டுவந்து வைப்பார்கள்.

சில நூலகங்கள் அறிமுகக் கடிதம் கேட்கும். பல்கலைக்கழகத் தொடர்பு இல்லாதவர்கள் இங்கேதான் துவண்டுவிடுகிறார்கள். உங்கள் ஊர்க் கல்லூரியில் வரலாறு அல்லது நூலக அறிவியல் துறையில் இருக்கும் ஒருவரிடம் கேளுங்கள். கல்லூரித் தாளில், உங்கள் முழுப் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, நூலின் பட்டியல் எண்ணோடு எழுதித் தரச் சொல்லுங்கள். எனக்கு எழுதித் தந்தவர் என் பெயரை முன்னெழுத்தோடு எழுதிவிட்டார். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருந்தது. இரண்டும் ஒரே ஆளா என்று கேட்டு இரண்டு வாரம் போனது. நம் பெயர் முறை அங்கே யாருக்கும் புரியாது, அதனால் எல்லா ஆவணத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இருக்கட்டும்.

பதில் வர மூன்று, நான்கு வாரம் ஆகலாம். வராவிட்டால் ஒரு முறை நினைவூட்டுங்கள்.

5. விசா, நூலக அட்டை, செலவு

விசா பற்றிச் சொல்வது இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு. ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து எல்லாம் ஷெங்கன் விசாவில் அடங்கும். பிரிட்டனுக்குத் தனி விசா. இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்த்தால் செலவும் அலைச்சலும் இரட்டிப்பு. முதல் பயணத்துக்கு ஒன்று போதும்.

ஷெங்கன் குறுகியகால விசாக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் அதற்கு மேல். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், 15 நாளாவது இருக்க வேண்டும் என்பது விதி. விதியை நம்பிக் கடைசிவரை இருக்காதீர்கள். கோடை விடுமுறைக்கு முன் நேர்காணல் தேதி கிடைப்பதே கஷ்டம். நூலகம் ‘இந்த நாளில் இந்த நூல் உங்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது’ என்று அனுப்பிய மின்னஞ்சலை அச்செடுத்து விண்ணப்பத்தோடு வையுங்கள். பயணக் காரணத்துக்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நூலக அட்டைக்குப் பெரிய செலவில்லை. பிரிட்டிஷ் நூலகத்திலும் பவேரிய அரசு நூலகத்திலும் இலவசம். பிரான்ஸ் தேசிய நூலகத்தில் ஆய்வு வாசிப்பறைக்குள் போக நேர்காணல் உண்டு. எதற்கு வந்தீர்கள் என்று கேட்பார்கள், நான்காம் பகுதியில் சொன்ன மின்னஞ்சலே பதிலாகும். பணத்தைவிட முகவரிச் சான்றுதான் தலைவலி. பிரிட்டிஷ் நூலகம் கையெழுத்துக்கு ஒன்று, வீட்டு முகவரிக்கு ஒன்று என இரண்டு அசல் ஆவணம் கேட்கிறது. நம் வீடுகளில் மின் இணைப்பு அப்பா பெயரில் இருக்கும், எரிவாயு அம்மா பெயரில் இருக்கும். கிளம்புவதற்கு முந்தைய வாரம் வங்கிக்குப் போய், உங்கள் பெயரும் முகவரியும் ஆங்கிலத்தில் உள்ள கணக்கு அறிக்கையை முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். கைபேசியில் காட்டினால் போதாது.

படம் எடுக்கப் பல நூலகங்கள் அனுமதிக்கின்றன, ஃபிளாஷ் மட்டும் கூடாது. நூலில் அச்சிடவோ இணையத்தில் போடவோ தனி அனுமதி வேண்டும். கட்டணமும் இருக்கலாம். படம் எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

6. நாள் கணக்கு

ஒரு நூலுக்கு ஒரு நாள் என்று போட்டால் இரண்டு நாள் தங்குங்கள். முதல் நாள் அட்டை வாங்கவும் நூலைக் கேட்டுப் பதியவும் போய்விடும். அரிய நூல்கள் கிடங்கிலிருந்து வர நேரம் பிடிக்கும், வாசிப்பறை நேரமும் பொது நூலக நேரத்தைவிடக் குறைவு. திங்கள் காலை போய் இறங்குவதைவிட, செவ்வாய், புதன் என்று வைத்துக்கொள்வது நல்லது. பவேரியாவில் ஜனவரி 6, நவம்பர் 1 போன்ற நாட்கள் அரசு விடுமுறை. போகும் மாநிலத்தின் விடுமுறைப் பட்டியலைப் பாருங்கள், நாடு முழுமைக்கும் ஒரே பட்டியல் கிடையாது.

7. வாசிப்பறையில்

பை, குடை, மேல்கோட்டு எல்லாம் வெளியே லாக்கரில். பூட்ட 1 அல்லது 2 யூரோ நாணயம் தேவைப்படும் இடங்கள் உண்டு, பையில் வைத்திருங்கள். உள்ளே பென்சில், மடிக்கணினி, தாள். பேனா கூடாது.

கையுறை போடச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன். காகித நூலுக்குப் பெரும்பாலும் வேண்டாம் என்கிறார்கள். துணி உறை போட்டால் விரலுக்குத் தாளின் தடிமன் தெரியாது, கிழிந்துவிடும். சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்த கை போதும். கைக்குப் பூசும் கிரீம் வேண்டாம். எச்சில் தொட்டுப் புரட்டுகிற பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது, நமக்கே தெரியாமல் விரல் வாய்க்குப் போகும். அதேபோல் நெற்றியில் திருநீறோ குங்குமமோ உதிரும்படி இருந்தால் லேசாகத் துடைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் தாளுக்கு மேலேயே குனிந்திருக்கப் போகிறோம்.

நூல் பஞ்சு மெத்தைகளின் மேல் வரும். ஷேடல் நூல் ஒன்றரை அடி உயரம், தனியாகத் தூக்க முயலாதீர்கள். 180 பாகைக்கு விரித்து அமுக்கக் கூடாது. தாள் எழும்பினால் அதன்மேல் வைக்க, துணி சுற்றிய எடைக் கயிறு தருவார்கள்.

மேல் மூலையில் பிடித்துப் புரட்டுங்கள். அந்தத் தாள் கந்தல் துணியில் செய்தது. நம் வீட்டில் இருக்கும் ஐம்பது வருடப் பழைய புத்தகம் மாதிரி பொடியாது. கெட்டியாக, சலவைத் துணி மாதிரி மெல்லிய சத்தத்தோடு புரளும். தலையைச் சாய்த்து ஓரமாகப் பார்த்தால் எழுத்துகள் தாளில் பள்ளமாகப் பதிந்திருப்பது தெரியும், பின்பக்கம் சிறு மேடாகவே எழும்பியிருக்கும். எந்தப் படமும் அதைக் காட்டுவதில்லை.

ஒளித்தகடு (அடியிலிருந்து வெளிச்சம் தரும் மெல்லிய தகடு) இருந்தால் கேட்டு வாங்குங்கள். தாளுக்கு அடியில் வைத்தால், தாள் செய்யும்போதே அதில் பதிந்த கம்பிக் கோடுகளும், நீர்க்குறி என்னும் அடையாள உருவமும் எழும்பி வரும். கோடுகள் மேலிருந்து கீழாக ஓடி, நீர்க்குறி தாளின் நடுவில் இருந்தால், முழுத் தாளை ஒரு முறை மடித்த பெரிய நூல். கோடுகள் படுக்கையாக ஓடி, நீர்க்குறி தையலோரம் பாதி மறைந்திருந்தால் இரண்டு முறை மடித்தது.

அச்சகத்தின் பெயர் இல்லாத நூலைப் பார்க்கிறீர்கள் என்றால், ஒளி ஊடுருவும் அளவுகோல் ஒன்று கொண்டுபோங்கள். ஒரு வரியின் அடியிலிருந்து, அதற்குக் கீழே 20ஆவதாக வரும் வரியின் அடிவரை அளந்து மில்லிமீட்டரில் குறியுங்கள். கூட்டன்பர்க் 42 வரி பைபிளின் எழுத்து 140, 36 வரி பைபிளின் எழுத்து 164. இந்த எண்ணும், பெரிய எம் எழுத்தின் வடிவமும் இருந்தால், பெர்லின் நூலகத்தின் எழுத்துவகைப் பட்டியலில் தேடி, எந்த அச்சகமாக இருக்கலாம் என்று சுருக்கிவிடலாம்.

எனக்கு இருந்தது அந்தக் கறை. 260ஆம் தாளைத் திருப்பி, பொறுப்பாளரிடம் சொன்னேன். அவர் மேசை விளக்கைத் தாழ்த்தி, தாளின் மட்டத்துக்குச் சாய்வாக வைத்தார். கறை மறைந்து, மூன்று வரி எழுந்து வந்தது. யாரோ எழுதி, பிறகு யாரோ கத்தியால் சுரண்டிவிட்டிருக்கிறார்கள். மை போய்விட்டது, பேனா முனை அழுத்திய தடம் போகவில்லை. முதல் வரியின் தொடக்கத்தில் ஆண்டைக் குறிக்கும் எம் எழுத்து (ரோமன் எண்ணில் 1000), அதையடுத்துப் புள்ளி. அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. அவரும் நானும் பதினைந்து நிமிடம் மாறி மாறிப் பார்த்தோம். விளக்கின் கோணத்தை மாற்றி மாற்றி பதினொரு படம் எடுத்துக்கொண்டேன்.

ஆகவே சாய்வொளி உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். உங்கள் கைபேசி விளக்கை மட்டும் கேட்காமல் அடிக்காதீர்கள்.

8. அன்று மாலையே

அறைக்குத் திரும்பியதும் தூங்கும் முன் படங்களுக்குப் பெயர் மாற்றுங்கள்: நூலகம், அழைப்பு எண், தாள் எண், முன்பக்கமா பின்பக்கமா. இரண்டு நாள் விட்டால் எந்த வெற்றுத் தாள் எது என்று உங்களுக்கே தெரியாது. பட்டியலில் இல்லாத எதையாவது பார்த்திருந்தால், கையெழுத்தோ முன்னாள் உரிமையாளர் முத்திரையோ, அதே வாரம் நூலகத்துக்குப் படத்தோடு எழுதி அனுப்புங்கள். நான் அனுப்பிய பதினொரு படங்களுக்கு ஒன்பது நாளில் பதில் வந்தது. அந்தப் படியின் குறிப்பில் ‘260ஆம் தாளில் அழிக்கப்பட்ட கையெழுத்து, மூன்று வரி’ என்று சேர்த்துவிட்டார்கள்.